செக்ரட்டரி அக்காவின் அறிவிப்புத் தாள்

நான்காக மடித்த ஒரு தாள் என் புடவை அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடந்தது. கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நவராத்திரிக்குப் புடவை எடுக்கும்போது விரலில் படும். உடனே கையை இழுத்துக்கொள்வேன். அதில் இருப்பதை நானேதான் கணினியில் அடித்து அச்செடுத்தேன், பிறகு பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? அதோடு வெட்கம் வேறு. வாழ்க்கையில் நான் செய்த அவசரக் காரியங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி மடித்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான் அது எனக்குத் தோன்றியது. 'ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காது' என்று என் அம்மா என்னைச் சொல்வாள். எனக்கு ஆக்கவே பொறுத்ததில்லை என்பதுதான் உண்மை.

அந்தத் தாளைக் கொடுத்தவள் செக்ரட்டரி அக்கா. திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபையின் செயலாளர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். சபையில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். சபைக்குச் சம்பந்தமே இல்லாத, வலியசாலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற வீட்டில் பிறந்த எனக்கு அவள் எப்படிக் கிடைத்தாள் என்றால், நான் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு பாட்காஸ்ட் செய்ய வேண்டும் என்று வெறி பிடித்திருந்த காலம் அது. வாரம் ஒன்று, பத்து நிமிடம். அந்த வாரச் செய்திகளை வைத்து முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்துப் பேசுகிற நகைச்சுவை. மலையாளத்தில் படித்து, இங்கிலீஷில் வேலை பார்த்து, தமிழில் சண்டை போடுகிற எங்களைப் போன்றவர்கள் கேட்டுச் சிரிக்க இந்த ஊரில் என்ன இருக்கிறது? காப்பீட்டு அலுவலகத்தில் வாடிக்கையாளர் மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க மனிதர்களின் புலம்பலைக் கேட்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் திருப்பிச் சொல்ல ஆயிரம் இருந்தது. தனியாக எழுதிப் பார்த்தேன். எழுதும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் படித்தால் அழுகைதான் வந்தது. கணவரிடம் வாசித்துக் காட்டினால் "நல்லாத்தான இருக்கு" என்பார். உப்பு போடாத சாம்பாருக்கும் அதையேதான் சொல்வார். 'இது சிரிப்பு இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் எனக்கு வேண்டும். கூட எழுதவும் வேண்டும்.

தமிழ் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டினேன். வந்தவர்களைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு பாட்காஸ்ட். ஒரு பொறியாளர், எந்தக் காலத்திலும் பழசாகாத நகைச்சுவைதான் எழுதுவேன் என்றார். மழைவெள்ளத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னேன். அவர் செதுக்கிச் செதுக்கிக் கொண்டுவந்தபோது வெள்ளம் வடிந்து, குடிதண்ணீர்ப் பஞ்சம் வந்திருந்தது. ஒரு கல்லூரி ஆசிரியருக்குத் தன் வரியைச் சொல்வதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். கடைசிவரை அந்த வரி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக எழுதக்கூடிய ஒரு பெண் வந்தாள். இரண்டாம் நாளே "சேச்சி, எனக்குச் சிரிப்பெல்லாம் மலையாளத்துலதான் வருது, தமிழ்ல வீட்டு வழக்கம் மட்டுந்தான் வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நியாயமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு வாரமும் செய்தி வந்து, புளித்து, கொட்டவேண்டிய மாவாகிப் போய்க்கொண்டிருந்தது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஊரைச் சுற்றினேன்.

அப்போதுதான் அலுவலகத் தோழியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அந்தச் சபைக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராதனையின் நடுவில் வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் எழுந்து முன்னால் போனாள். கையில் நான்காக மடித்த தாள். பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்து, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் வாசித்தாள். "அறிவிப்புகள். சென்ற மாத அசன விருந்துக்குப் பிறகு சபையிலிருந்து இரவல் போன மூன்று அண்டாக்களில் இரண்டு திரும்பி வந்துள்ளன. மூன்றாவது அண்டா எங்கிருந்தாலும் நலமாக இருப்பதாக நம்புகிறோம்." நிறுத்தினாள். பெஞ்சுகளில் குலுங்கல். அது அடங்கியதும் அடுத்தது. "பாடகர் குழுவில் கீழ்க்குரலுக்கு ஆட்கள் தேவை. மேல்குரலுக்குப் போதுமானவர்கள் இருக்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் போதுமானதற்கு மேலும்." யார் பெயரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வாராவாரம், எழுதி, நடப்பை வைத்து, ஐந்து நிமிடம். நான் எதைத் தேடித் தேடி அலைந்தேனோ அதை இந்த மனுஷி பதினொரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாளாம், அதற்கு அறிவிப்பு என்று பெயர்!

பிறகு ஏழெட்டு ஞாயிறு கடைசி பெஞ்சுக்குப் போனேன். ஓர் ஆத்துமா மனந்திரும்பி வருகிறது என்று பக்கத்துப் பெண்மணிகள் சந்தோஷப்பட்டு, எனக்கென்றே ஒரு பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்கள். நான் அறிவிப்பு முடிந்ததும் எழுந்து போய்விடுவேன், அவர்களுக்கு வருத்தம். கடைசியில் அக்காவை வாசலில் மறித்துக் கேட்டேவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எழுதுனத காட்டு" என்றாள். அங்கேயே காட்டினேன். அங்கேயே படித்தாள். "இதுல சிரிக்கியது யாரு பிள்ளே? நீயா, கேக்கியவனா? நீயே சிரிச்சுத் தீத்தா அவன் எதுக்குச் சிரிக்கணும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. கிடைத்துவிட்டாள்.

சம்மதிப்பதற்கு ஒரு நிபந்தனை வைத்தாள். சபைக்கு இது தெரியக்கூடாது, சபையும் இதற்குள் வரக்கூடாது. "அந்த அஞ்சு நிமிசம் எனக்குள்ளது. அதுக்கு மட்டும் ஒண்ணும் வந்துரப்பிடாது, கேட்டியா" என்றாள். அந்த ஐந்து நிமிடம் அவளுக்கு என்ன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அரசு அலுவலகம் ஒன்றில் அவளுக்குக் கடிதம் எழுதுகிற வேலை. ஒரு நாளைக்கு முப்பது கடிதம் எழுதுவாள். எல்லாவற்றிலும் வேறொருவர் கையெழுத்துப் போடுவார். வீட்டில் தம்பி குடும்பம், டி.வி. சத்தம். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கிறவரை யாராவது காத்திருக்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

முதல் பகுதியைப் பதிவுசெய்கிற நாளில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். அக்கா வெளியே என் செருப்புக்கும் பைக்கும் காவல் நின்றாள். "நான் எனக்க ஆண்டவருட்ட சொல்லியாச்சு. நீ ஒனக்க பிள்ளையாருட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வை. ரெண்டு பக்கமும் கேட்டு வைக்கியது நல்லதுதானே" என்றாள். பதிவு நடந்தது என் வீட்டுப் புடவை அலமாரிக்குள். துணிக்கு நடுவில் பேசினால் எதிரொலி இருக்காது. கோயிலில் சாயந்திர மேளம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள், பட்டுப் புடவைகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, நாட்டு நடப்பைப் பேசினோம். முதலில் நான்தான் வாசித்தேன், அது விளங்கவில்லை. அவள் வரிகளை அவளே வாசிக்கிறபோதுதான் உயிர் வந்தது. எங்கள் பாட்காஸ்ட்டும் அறிவிப்பாகவே மாறிப்போனது. 'சாலையைத் தோண்டியவர்கள், தாங்கள் தேடிய பொருள் கிடைத்துவிட்டதா என்று பொதுமக்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' 'தெருநாய்களின் பொதுக்குழு வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில் கூடும். உறுப்பினர் அல்லாதவர்கள் வேறு வழியில் செல்லவும்.' இப்படி எழுத அவளுக்கு ஒரு தேநீர் நேரம் போதும். சபைத் தாளைப் போலவே அடித்துத் தந்தால்தான் வாசிப்பு சரியாக வருகிறது என்பாள். அதனால் அதே தாள், அதே தலைப்பு, அதே மடிப்பு.

வாசிப்பதற்கு முன்னால் பென்சிலால் கோடு போடுவாள். அதுதான் அவள் தொழில் ரகசியம். ஒரு சாய்ந்த கோடு என்றால் மூச்சு விடு. இரண்டு கோடு என்றால் சிரிப்பு வரும், வாயை மூடிக்கொண்டு நில். "சிரிப்புக்கு மேல பேசினா சிரிப்பும் போவும், பேச்சும் போவும்" என்பாள். கோடு போடாமல் அவள் ஒரு தாளையும் வாசித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் இரண்டு கோட்டில் நிற்கிற நேரத்தில் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டு முறைப்பு வாங்குவேன்.

கேட்கிறவர்கள் மெல்ல மெல்லத்தான் சேர்ந்தார்கள். எனக்கோ அரிப்பு. இன்னும் காரம் வேண்டும், இன்னும் வேகம் வேண்டும், செய்தி வந்த அன்றைக்கே போட்டாக வேண்டும். அவள் "கெடக்கட்டும் பிள்ளே, வெள்ளிக்கிழமைதானே போடணும்" என்பாள். அப்போது உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வேட்பாளர்கள் கோயில், பள்ளிவாசல், சபை என்று வரிசையாக வந்து முன்வரிசையில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். நான் ஒரு வரி எழுதினேன்: 'தேர்தல் நெருங்குவதால் எல்லா வழிபாட்டு இடங்களிலும் பக்தி பெருகியுள்ளது. வழக்கமாக வருகிறவர்கள் பின்வரிசைக்கு நகர்ந்து ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அந்த வரியை எழுதியதும் நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அக்கா அதைப் படித்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். "இது வேண்டா. ஞாயித்துக்கெழம அசனத்துக்கு ஒருத்தர் வாறாரு. முன்னால இருப்பாரு. நான் அவரு முகத்தப் பாத்து நிக்கணும்." சபை உள்ளே வரக்கூடாது என்பது ஒப்பந்தம், அவள் சொன்னது சரி. ஆனால் நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்! எனக்கு மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை சபைக்குப் போனேன். மறுநாள் விருந்துக்கு எல்லோரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா பூசணிக்காயோடு போராடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வேதாகமப் பை ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவளுடைய சாலை, நாய் வரிகளோடு, வெட்டிய வரியையும் திரும்பச் சேர்த்து அடித்த புதுத் தாளை நான்காக மடித்து அந்தப் பைக்குள் வைத்தேன். விருந்து முடிந்து ஓய்வாக எடுத்துப் பார்ப்பாள், மனசு மாறுவாள், அன்று சாயந்திரமே பதிவுசெய்துவிடலாம் என்று என் கணக்கு. "பையில தாள் வச்சிருக்கேன் அக்கா" என்று வாசலிலிருந்து கத்தினேன். தலையை ஆட்டினாள். கேட்டாளோ, காய் நறுக்குகிறவர்களுக்குத் தலையாட்டினாளோ, நின்று கேட்க எனக்கு நேரமில்லை.

மறுநாள் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். முன்வரிசையில் வேட்பாளர், தோளில் புதுப் பொன்னாடை. பிரசங்கம் முடிந்து அக்கா எழுந்தாள். தாளைப் பிரித்தாள். "அறிவிப்புகள். சாலையைத் தோண்டியவர்கள்..." என்று தொடங்கினாள். அது நான் பையில் வைத்த தாள். எழுந்து ஓடிப்போய் அந்தத் தாளைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நடுவில் இருபது பெஞ்சு. ஜனங்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை, எப்போதும் போலத்தான் இருந்தது, எப்போதும் போலச் சிரித்தார்கள். நாய்களுக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அப்புறம் அந்த வரி. 'பக்தி பெருகியுள்ளது' என்று சொல்லி நிறுத்தினாள். 'பின்வரிசைக்கு நகர்ந்து ஒத்துழைக்கும்படி' என்றபோது பாட்டுப் புத்தகம் கொண்டுவந்த என் பக்கத்துப் பெண்மணி "கர்த்தாவே" என்று வாயைப் பொத்தினாள். அக்கா விடவில்லை. 'முடிவு வெளியான மறுவாரம் முன்வரிசை பழையபடி காலியாகிவிடும் என்பதால் யாரும் வருந்த வேண்டாம்.' அவ்வளவுதான், சபை வெடித்தது. அப்படியொரு சிரிப்பை நான் எந்த அரங்கிலும் கேட்டதில்லை. இதை நான் எழுதினேனா என்று ஒரு கணம் தோன்றியது. எழுதியிருப்பேன், பயத்தில் மறந்துவிட்டது என்று நினைத்தேன். வேட்பாளர் சிரித்தார், சுவரொட்டியில் சிரிப்பது போலவே. போதகர் சிரிக்கவில்லை. அக்கா அந்தத் தாளை மடித்து, வேதாகமத்துக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்து, மரண அறிவிப்பையும் கல்யாண அறிவிப்பையும் நிதானமாக வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்த நிமிடம் நான் போதகர் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன்: "தப்பு என்னோடது ஐயா. பாட்காஸ்ட்டுக்கு எழுதின பேப்பர். நான்தான் அவங்க பையில வச்சேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாம எடுத்து வாசிச்சிட்டாங்க. அதுல ஒரு எழுத்துகூட அவங்களோடது இல்ல." அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. போதகர் முகம் தெளிந்தது. "பாவம், தெரியாம வாசிச்சிருக்கா. சாரமில்ல, போட்டும். இனி தாள நான் ஒருக்கா பாத்து குடுக்கேன்" என்றார். திரும்பினால், அக்கா கதவருகே நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. போதகரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நான் கண்ணு தெரியாதவளா பிள்ளே?"

கையில் நான்காக மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் நீட்டினாள். "இந்தா, ஒனக்க பேப்பரு. எல்லாம் நீ எழுதுனதுதானே." பிறகு விருந்துப் பந்தியில் சாம்பார் வாளியோடு அவளைப் பார்த்தேன். என் இலையைத் தாண்டிப் போனாள்.

அதன் பிறகு அவள் வரவில்லை. போன் செய்தால் "வேலை இருக்கு" என்பாள். தாளைத் திருட்டுத்தனமாக வைத்த கோபம் என்றே நினைத்தேன். ஆனாலும் ஒரு பக்கம் எனக்கு ஆற்றாமை. உன் ஐந்து நிமிடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேனே, அதற்கு நன்றி இல்லையா என்று. போதகர் பார்த்துத் தருகிற தாளை அவள் இரண்டு ஞாயிறு வாசித்தாளாம். மூன்றாவது ஞாயிறு, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாளாம். இப்போது அறிவிப்புகள் சபையின் வாட்ஸாப் குழுவில் வருகின்றன. யாரும் படிப்பதில்லை என்று என் தோழி சொன்னாள். நான் இன்னும் மூன்று பேரைப் பிடித்துப் பார்த்தேன். ஒருவர்கூட எனக்கு முன்னால் நின்று 'இது வேண்டா' என்று சொல்லவில்லை. பாட்காஸ்ட் இளைத்து இளைத்து ஒரு நாள் நின்றுபோனது.

போன வாரம் அலமாரியில் பூச்சி வந்துவிட்டது என்று எல்லாப் புடவைகளையும் வெளியே எடுத்துப் போட்டேன். தாள் கீழே விழுந்தது. இந்த முறை பிரித்தேன்.

பென்சில் கோடுகள். முதல் வரியிலிருந்தே. சாலைக்கு இரண்டு கோடு, நாய்க்கு இரண்டு கோடு. நான் திருட்டுத்தனமாகச் சேர்த்த வரியில் 'பெருகியுள்ளது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கோடு. அதற்குக் கீழே, அச்சில் இல்லாத ஒரு வரி, அவளுடைய சாய்ந்த கையெழுத்தில்: முடிவு வெளியான மறுவாரம் முன்வரிசை பழையபடி காலியாகிவிடும் என்பதால் யாரும் வருந்த வேண்டாம். அதற்குப் பிறகும் இரண்டு கோடு. புடவைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கத்தியதை அவள் கேட்டிருக்கிறாள். அன்றே எடுத்துப் படித்திருக்கிறாள். பதினொரு வருடம் காத்துவைத்த ஐந்து நிமிடத்தை எடுத்து, தெரிந்தே, அந்த ஒரு சிரிப்புக்குக் கொடுத்திருக்கிறாள். அலுவலகத்தில் யார் யாரோ அவள் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்களே, அதை நான் போதகர் அறையில், மூச்சு வாங்க, நல்லெண்ணத்தோடு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அலுவலகம் விடுகிற நேரத்துக்குப் பழவங்காடிக்குப் போய், அவள் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில் நின்றேன். கோயில் பக்கம் தேங்காய் உடைகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வந்தாள், கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். நான் தாளை நீட்டினேன். இந்த ஒரு வருடம் சேர்த்துவைத்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "அக்கா, இப்பத்தான் பாத்தேன். சத்தியமா இப்பத்தான் பிரிச்சேன். நாளைக்கே போதகர்கிட்ட போறேன். தெரிஞ்சுதான் வாசிச்சாங்க, சபை சிரிச்ச வரி அவங்க எழுதினதுன்னு சொல்றேன். எல்லார் முன்னாலயும் வேணும்னாலும் சொல்றேன்..."

அவளுடைய பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நான் என் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். கடைசி வரிக்கு வந்ததும் அவள் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு குட்டைப் பென்சிலை எடுத்தாள்.

"ரெண்டு கோடு போட்டது தப்பு பிள்ளே" என்றாள். "மூணு போட்டிருக்கணும். அடங்க அவ்வளவு நேரமாச்சு, கேட்டியா."